முறையீடும் முறைமன்றமும்

முறை என்னும் சொல்லுக்குத் தமிழில் நீதி என்றும் பொருள். ஒழுங்கு என்றும் பொருள். முறை பிறழ்ந்தபோது பாதிக்கப்பட்டவன் அதனைத் தக்காரிடம் எடுத்துரைப்பதே முறையீடு. இழைக்கப்பட்ட அநீதியை அரபு மொழியில் 'மழ்லமத்' என்பர். அதன் பன்மை 'மழாலிம்'. அண்மைக் காலத்தில் நம் மாநிலச் சட்டத்தில் இடம்பெற்ற 'முறைமன்ற நடுவர்' என்னும் பதவியை ஐரோப்பியர் கண்ட புதுமை என்று கருதுவோர் பலர். அதன் நோக்கத்தை ஆராயின், இஸ்லாமிய வரலாற்றில் நெடுங்காலம் வழங்கிய ஒன்றே வேறு பெயரில் நம்மிடம் வந்திருப்பது விளங்கும்.

அந்நோக்கம் யாது? எவர்மீது முறையீடு எழுகின்றதோ, அவர் கைக்கே அம்முறையீடு திரும்பிச் செல்லாதிருக்க வேண்டும் என்பதேயாகும். இது மிக எளிய செய்தியாகத் தோன்றும். நடைமுறையிலோ இதைவிடக் கடினமானது வேறில்லை.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், தூத்துக்குடிக் கரையோரத்து ஊர் ஒன்றில் நான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்த காலை, கைம்பெண் ஒருவர் தம் தெருவில் சாக்கடை நீர் வாசலில் தேங்குவதைக் குறித்து மனு எழுதித் தருமாறு கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மேலிடத்திற்கு அஞ்சலில் அனுப்பினார். ஒன்றரை மாதம் கழித்து மீண்டும் வந்தார். "ஆலிம்சா, நான் அனுப்பின காகிதம் என் வாசலுக்கே வந்துட்டு" என்றார். மேலிடத்திலிருந்து அடுத்த நிலைக்கும், அங்கிருந்து அதற்கடுத்த நிலைக்கும், 'தக்க நடவடிக்கைக்காக' என்னும் குறிப்புடன் இறங்கி இறங்கி, எவருடைய அசட்டையைக் குறித்து அவர் எழுதினாரோ அந்த எழுத்தரிடமே அம்மனு வந்து சேர்ந்திருந்தது. அவர் அதனைக் கையில் ஏந்திச் சென்று, குறை தீர்ந்தது என்று கையொப்பமிடுமாறு அப்பெண்ணிடம் கேட்டிருக்கிறார். இதனை எழுதித் தந்தவர் யார் என்றும் கேட்டிருக்கிறார்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் இந்த இடர்ப்பாட்டை நன்கு உணர்ந்திருந்தார்கள். ஆளுநர்கள்மீது எழுந்த முறையீடுகளை விசாரிக்க முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை நேரில் அனுப்புவது அவர்களின் வழக்கம். கூஃபா நகரத்தார் தம் ஆளுநர் சஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களைப் பற்றிக் குறை கூறியபோது, விசாரிக்கச் சென்றோர் ஆளுநர் மாளிகையில் அமர்ந்து அறிக்கை கேட்கவில்லை. ஒரு பள்ளிவாசலையும் விடாது சென்று அங்கிருந்த மக்களிடமே கேட்டனர். ஏறத்தாழ அனைவரும் சஅத் அவர்களைப் புகழ்ந்தனர். ஒரு பள்ளிவாசலில் ஒருவர் மட்டுமே குறை கூறினார். முறையீடெல்லாம் உண்மையாகிவிடாது என்பதும் இதனால் பெறப்படும். உண்மையாயினும் பொய்யாயினும் அது தெருவில் கேட்டறிய வேண்டியதேயன்றி, ஏட்டில் எழுதி முடிக்கத்தக்கதன்று.

முறையீடு கேட்பதற்கென்றே தனி நாள் ஒதுக்கிய முதல் ஆட்சியாளர் உமையாக் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான் என்பர். இச்செய்தியைத் தருபவர் ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) காலமான இமாம் மாவர்தீ. அவர்தம் 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா' என்னும் நூலில் மழாலிம் மன்றத்திற்கென ஓர் அத்தியாயமே உண்டு. அம்மன்றத்தில் காவலர், காழிகள், சட்ட அறிஞர், எழுத்தர், சாட்சிகள் ஆகிய ஐவகையினர் அமர்ந்திருத்தல் வேண்டும் என்கிறார். ஆளுநர் மக்கள்மீது இழைக்கும் கொடுமை, வரி வசூலில் நிகழும் அநீதி, அலுவலக எழுத்தரின் பிழை ஆகிய மூன்றிலும், முறையிடுவார் எவரும் வராவிடினும் மன்றம் தானே விசாரிக்கலாம் என்றும் எழுதுகிறார். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே எழுத்தரைத் தனியே குறித்துச் சொன்ன அவரது நுண்ணறிவை என்னென்பது!

கலீபா மஃமூன் ஞாயிற்றுக்கிழமைகளில் முறையீடு கேட்பார். ஒரு நாள் கிழிந்த ஆடையுடன் வந்த பெண்ணொருத்தி தன் நிலம் பறிக்கப்பட்டதென முறையிட்டாள். பறித்தவர் யார் எனக் கேட்க, கலீபாவின் அருகே நின்ற அவருடைய மகன் அப்பாஸையே சுட்டினாள். மஃமூன் தம் மகனைப் பற்றித் தாமே தீர்ப்பளிக்கவில்லை. வழக்கைக் கேட்க வேறொருவரைப் பணித்து, இருவரையும் எதிரெதிரே அமரச் செய்தார். அவள் குரலை உயர்த்தியபோது அதட்டிய அரண்மனை ஊழியரைத் தடுத்தார். நிலம் அவளுக்கே திரும்பியது. இதனைக் கலீபாவின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே பலரும் எடுத்துரைப்பர். அவர் தீர்ப்பைப் பிறர் கையில் விட்டதே எனக்குப் பெரிதாகப் படுகின்றது.

ஐரோப்பாவில் இப்பதவி தோன்றிய வரலாறும் சுவையானதே. 1709இல் பொல்தாவாப் போரில் தோற்ற சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் உஸ்மானியப் பேரரசில் தஞ்சம் புகுந்தார். அங்கிருந்தே 1713இல், தம் நாட்டு அலுவலர்கள் சட்டப்படி நடக்கின்றனரா எனக் கண்காணிக்க 'ஓம்புட்ஸ்மன்' ஒருவரை ஏற்படுத்தினார். 'ஓம்புட்' என்றால் பிறர் சார்பில் செயலாற்றுபவர் என்று பொருள். உஸ்மானியர் முறையீடுகளின்மீது பிறந்த ஆணைகளைத் தனிப் பதிவேடுகளில் எழுதி வைத்தவர்கள். அதனைக் கண்டே மன்னர் கற்றார் என்று சில ஆய்வாளர் கூறுவர். அவ்வாறு வாதிட்டுப் பெருமை தேடுவது நமக்குத் தேவையில்லை. 1809இல் அந்நாட்டு அரசியலமைப்பு, மன்னரைச் சாராது நாடாளுமன்றமே அமர்த்தும் ஓம்புட்ஸ்மனை ஏற்படுத்தியதே உண்மையான திருப்பம்.

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்கள்மீதான குறைகளைக் கேட்க 1974ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஆணையர்களை ஏற்படுத்தியது. எனினும், குறையை மன்ற உறுப்பினர் ஒருவர் வழியாகவே அனுப்புதல் வேண்டும் என்பது விதியாக இருந்தது. மக்கள் நேரே முறையிடும் உரிமை 1988இல்தான் கிட்டியது.

இந்தியாவில் 'லோக்பால்' என்னும் சொல்லை 1963இல் எல்.எம். சிங்வி வழங்கினார். அது சட்டமாக ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. உள்ளாட்சியைப் பொறுத்தவரை கேரளம் முந்திக்கொண்டது. சென் குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிச் சட்டத்தை 1999இல் திருத்தி, 2000இல் எழுவர் கொண்ட மன்றத்தை அமைத்தது. குடிமகனுக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு தரச் செய்யவும், ஊராட்சிக்கு ஏற்பட்ட நட்டத்தை அதற்குப் பொறுப்பானவரிடமே வசூலிக்கச் செய்யவும், செய்யாது விட்ட பணியைச் செய்யுமாறு ஆணையிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. அடுத்த ஆண்டே எழுவர் மன்றம் ஒருவர் மன்றமாகச் சுருங்கியது, அதிகாரம் தங்கியது.

தமிழகத்தில் 2014இல்தான் உள்ளாட்சி முறைமன்ற நடுவர் சட்டம் பிறந்தது. சுதந்திரமான நடுவரை ஏற்படுத்தும் மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்கே செயல்திறன் மானியம் என்று பதின்மூன்றாம் நிதிக் குழு விதித்திருந்ததும் இதற்கொரு தூண்டுகோல். தேர்ந்தெடுக்கப்பட்டவராயினும் ஊழியராயினும், அவர்தம் ஊழலையும் நிர்வாகச் சீர்கேட்டையும் குறித்து நடுவரிடம் முறையிடலாம்.

இனி நம் கரைக்கு வருவோம். தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைக் கடந்தால் தருவைகுளம். பரதவ மக்கள் வாழும் மீனவ ஊர். ஒட்டப்பிடாரம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. இக்கடலில் முத்துக்குளித்த காலத்தில் பரதவரும் நம் மரைக்காயர்களும் ஒருங்கே மூழ்கியவர்கள். அத்தகைய ஊரில் குழாயில் நீர் வராவிட்டால், தெருவிளக்கு எரியாவிட்டால், என்ன வழி? குடிநீர், விளக்கு, சாக்கடை, தெருத் துப்புரவு, இடுகாடு ஆகியவற்றை 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு ஊராட்சியின் கடமைகளாக வகுத்துள்ளது. கிராம சபையில் எழுந்து கேட்கலாம். ஒன்றிய அலுவலகத்தில் கேட்கலாம். திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். இம்மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிவுற்றுத் தனி அலுவலர்களிடம் பொறுப்பு சென்றபோது, முதலில் கேட்க வேண்டியவரும் மேல்முறையீட்டில் கேட்க வேண்டியவரும் ஏறக்குறைய ஒருவரே என்னும் நிலை உண்டாயிற்று. ஆட்சித் துறையின் படிக்கட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவர் தேவைப்படுவது இத்தகைய காலத்தில்தான்.

அந்த ஒருவர் இருப்பது சென்னையில். சுமார் 600 கிலோமீட்டர் தொலைவு. வலையேற்றிப் பலநாள் கடல் தங்கி வருபவர் அங்கே சென்று நிற்க இயலாது. அஞ்சலில்தான் எழுத வேண்டும். எழுதிய பின், உண்மை நிலையை அறிய நடுவர் யாரைக் கேட்பார்? துறையை. துறை யாரைக் கேட்கும்? ஒன்றியத்தை. ஒன்றியம்? நான் மேலே சொன்ன எழுத்தரைத்தான். கூஃபாவின் பள்ளிவாசல்தோறும் சென்று கேட்டவர்களைப் போன்றோர் சிலரை நடுவருக்கு அளித்தாலன்றி இவ்வளையம் அறாது என்பது என் கருத்து.

அந்தப் பெண் கையொப்பமிடவில்லை. அஞ்சலகத்தில் தந்த பதிவுச் சீட்டைக் குர்ஆன் வைத்திருந்த பலகையின் கீழே பத்திரப்படுத்தியிருந்தார். அதன் நாளையும் எண்ணையும் குறித்து இரண்டாம் மனுவை எழுதினோம். இம்முறை, எழுதிக் கொடுத்தவன் என்று என் பெயரையும் அடியில் சேர்த்தேன். மழைக்காலம் முடிந்த பின் சாக்கடை வெட்டினார்கள்.