முன்னறிவைத் தூண்டல்

முன்னறிவைத் தூண்டல் என்பது, ஒரு பாடப்பகுதியை வாசிக்கும் முன் அதன் பொருள் பற்றி மாணவர் ஏற்கெனவே அறிந்தவற்றை நினைவுக்குக் கொண்டுவரச் செய்யும் கற்பித்தல் உத்தி ஆகும். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை வளர்ப்பதே இதன் நோக்கம். கேள்வி கேட்டல், படம் காட்டல், தலைப்பைக் கொண்டு ஊகித்தல், கலந்துரையாடல் ஆகியன இதன் பொதுவான வழிகள்.

பின்னணி

எந்த நூலும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. சொல்லாமல் விட்டவற்றை வாசிப்பவர் தம் அறிவைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். அனுபவங்கள் மனத்தில் சட்டகங்களாக அமைந்து புதிய செய்திகளுக்குப் பொருள் தருகின்றன என்ற கருத்தைப் பிரித்தானிய உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் முன்வைத்தார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்னும் கற்பித்தல் நெறி இதனினும் பழையது. மாணவரின் கொள்திறன் அறிந்து ஆசிரியர் கற்பிக்க வேண்டும் என நன்னூலின் பொதுப்பாயிரமும் கூறுகிறது.

ஆய்வுகள்

1979இல் ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகியோர் இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் விவரிக்கும் இரு கடிதங்களை இந்தியருக்கும் அமெரிக்கருக்கும் வாசிக்கக் கொடுத்தனர். இரு சாராரும் தத்தம் பண்பாட்டுக் கடிதத்தை விரைவாக வாசித்தனர். அதிலிருந்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர். பாட்டியின் மண உடையை மணமகள் அணிவது அமெரிக்க மரபு. இந்திய வாசகர் ஒருவரோ அவ்வுடை பழையது, வழக்கொழிந்தது எனப் பொருள்கொண்டார்.

1988இல் ரெக்ட், லெஸ்லி ஆகியோர் நடத்திய ஆய்வில், பேஸ்பால் விளையாட்டை நன்கு அறிந்த, வாசிப்புத்திறன் குறைந்த மாணவர்கள், அவ்விளையாட்டை அறியாத திறன்மிக்க வாசகர்களைவிட அது பற்றிய பகுதியை நன்கு நினைவுகூர்ந்தனர்.

வகுப்பறை முறைகள்

1986இல் டோனா ஓகிள் அறிமுகப்படுத்திய மூன்று பத்தி அட்டவணை பரவலாகப் பயன்படுகிறது. 'அறிந்தவை', 'அறிய விரும்புபவை' ஆகிய பத்திகள் வாசிக்கும் முன்பும், 'அறிந்துகொண்டவை' என்ற பத்தி வாசித்த பின்பும் நிரப்பப்படும். தமிழகத்தில் நடுநிலை வகுப்புகளுக்கு 2000களின் பிற்பகுதியில் கொண்டுவரப்பட்ட படைப்பாற்றல் கல்வி முறையில் அறிமுகம், வாசித்தல், மனவரைபடம், தொகுத்தல் ஆகிய படிநிலைகள் இடம்பெற்றன.

வரம்புகள்

இல்லாத அறிவைத் தூண்ட இயலாது. பாடத்துடன் முரண்படும் அறிவைத் தூண்டி அப்படியே விட்டால், மாணவர் நூல் சொல்வதை விடுத்துத் தம் எண்ணத்தையே நூலின் கருத்தாகக் கொள்ளக்கூடும். இதனை 1985இல் ஆல்வர்மன் குழுவினரின் ஆய்வு காட்டியது.

நீலகிரி மாவட்டத்தில் கேரள எல்லையருகே, கூடலூர் - நிலம்பூர் சாலையில் உள்ள நாடுகாணியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதற்கு அருகிலுள்ள தேவாலா, தமிழகத்தில் மிகுமழை பெறும் இடங்களுள் ஒன்று. இங்குப் பெருமழை தென்மேற்குப் பருவமான சூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. தமிழகத்தின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது என்ற பாடத்தை இப்பகுதி மாணவர் வாசிக்கும்போது, அவரது அனுபவம் அதனுடன் முரண்படும். 'இங்கு மழை எப்போது பெய்யும்?' என்று மட்டும் கேட்டால் குழப்பமே மிஞ்சும். மலை மழையைத் தடுக்கும் விதத்தை விளக்கி, ஊர் அனுபவத்தையும் பாடத்தையும் ஒப்பிடச் செய்தால் இரண்டும் விளங்கும். ஏரிப்பாசனம் பற்றிய பாடத்திலோ நிலை வேறு. தேயிலைத் தோட்டங்களிடையே வளரும் குழந்தை ஏரி, மதகு, கண்மாய் ஆகியவற்றைக் கண்டிராமல் இருக்கலாம். அங்குப் படமும் விளக்கமும் தந்து பின்னணி அறிவை முதலில் உருவாக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய பழங்குடியினரும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரும், மலையாளம் பேசுவோரும் வாழ்கின்றனர். பணியர் மொழி போன்றவற்றை வீட்டில் பேசும் குழந்தை, பொருளை நன்கு அறிந்திருந்தும் பாடநூலின் தமிழ்ச் சொல்லை அறியாதிருக்கலாம். அக்குழந்தையின் மௌனத்தை அறியாமை என ஆசிரியர் கருதிவிடும் இடர் உண்டு. வீட்டுமொழியில் விடையளிக்க இடந்தருவது இதனைத் தவிர்க்கும்.

இவற்றையும் பார்க்க

வாசிப்பு
கற்பித்தல் முறைகள்
செயல்வழிக் கற்றல்