அரைத் தொன் கருவியிலிருந்து கைத்தொலைபேசி வரை

வாஷிங்டன் நேரப்படி 2000ஆம் ஆண்டு மே 1ஆம் திகதி நள்ளிரவில், அமெரிக்கா தனது ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதுவரை பொதுமக்களின் கையிலிருந்த கருவி, நிற்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும். சரியான கணக்கு படைத்துறைக்கு மட்டுமே உரியது. அன்றிரவு அந்தத் தவறு பத்து, இருபது மீட்டராகச் சுருங்கிற்று.

இரண்டு நாள் கழியுமுன், மே 3ஆம் திகதி, ஒரெகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில புத்தகங்கள், மென்பொருள், ஒரு கவண், ஒரு தகரப்பேணி அவரை ஆகியவற்றை இட்டுக் காட்டோரம் மறைத்து வைத்தார். இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். மூன்று நாளைக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர். ஜியோகேச்சிங் என்று இன்று உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டின் பிறப்பு அது. ஒருவர் பெட்டியை மறைத்து அதன் அகலாங்கையும் நெட்டாங்கையும் (தமிழகத்து நண்பர்கள் அட்சரேகை, தீர்க்கரேகை என்பார்கள்) வெளியிடுவார். மற்றவர்கள் தேடிச் சென்று, உள்ளேயிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, வருவோர் தம் பெயர்ச்சீட்டை இட்டுச் செல்ல ஒரு போத்தலை வைத்தார். அதை இந்த விளையாட்டின் பாட்டன் எனலாம்.

பொழுதுபோக்குத்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லும் வல்லமை யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதே இதற்குள் இருக்கும் வரலாறு.

1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவருடைய தியோடலைட் ஏறத்தாழ அரைத் தொன் எடை. 1808இல் தஞ்சாவூர்க் கோயிலின் உச்சிக்கு அதை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதை அவரே வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்தினார். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்டு 2ஆம் திகதியே நிறுவப்பட்டிருந்தது. ஆயினும் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் தீவு முழுவதையும் வரையும் வேலை 1897இல் தொடங்கி 1924இல்தான் முடிவுற்றது. காணியை அளந்து விற்பதும் எல்லை போடுவதும் வீதி வெட்டுவதும் அக்கால அளவையின் முதன்மையான வேலைகள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதியில்லாத நிலங்களை முடிக்குரியவை எனக் கொள்ள வழிசெய்தபின், பெருந்தோட்டங்கள் விரிந்த வேகத்தை வாசகர் அறிவர்.

இப்போது கலவானவுக்கு வருவோம். இரத்தினபுரி மாவட்டத்தின் தென்மேற்கில், சிங்கராஜ வனத்தின் வாயிலில் இருக்கும் ஊர். தேயிலையும் இறப்பரும் மாணிக்கக் குழிகளும் மழையுமாக வாழும் பகுதி. இங்குள்ள தோட்டத்துக்கு அரசாங்க வரைபடத்தில் ஒரு பெயர், தொழிலாளர் நாவில் வேறொரு தமிழ்ப் பெயர். தோட்டத்துக்குள்ளே மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, அதற்குள் நம்பர் மலைகள், மலையடியில் லயங்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்பவரின் கடிதம் தோட்ட நிர்வாகத்தின் வழியேதான் வந்தது. பல தோட்டங்களில் இந்த வழக்கம் இன்னும் முற்றாக மாறவில்லை. வீட்டுக்கு இலக்கமோ வீதிக்குப் பெயரோ இல்லை. செய்தி மேசையில் இருந்த காலத்தில், ‘கீழ்க்கணக்கு மூன்றாம் நம்பர் லயம்’ என்று முடியும் செய்திகள் வரும். எந்தத் தோட்டத்தின் கீழ்க்கணக்கு என்று தேடுவதற்கே அரைநாள் போகும்.

2000ஆம் ஆண்டில் வந்த கார்மின் ஈட்ரெக்ஸ் போன்ற கைக்கருவிகள் இந்த மக்களின் கைக்கு வரவில்லை. அவை நில அளவையாளர், வன ஆய்வாளர், மலையேறுவோர், பெட்டி தேடுவோர் ஆகியோருடையவை. 2007இல் நோக்கியா என்95, 2008 ஜூலையில் ஐபோன் 3ஜி, அதே ஆண்டு ஒக்டோபரில் முதல் ஆண்ட்ராய்ட் பேசி என வரிசையாக வந்தவை ஜி.பி.எஸ். ஏற்பியைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தன. பெட்டி தேடுவோரில் பழையவர்கள் அப்போது எள்ளினார்கள். அதில் நியாயமும் இருந்தது. தொடக்ககாலப் பேசிகள் திறந்தவெளியிலேயே தடுமாறின. மின்கலமோ மதியத்துக்குள் செத்தது. பின்னர் ரஷ்யாவின் குளொனாஸ் முதலிய பிற நாட்டுச் செய்மதிகளையும் பேசிகள் கேட்கத் தொடங்கின. 2018இல் ஷாவ்மி எம்.ஐ.8 இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் முதல் பேசியாக வந்தது. இன்று வெட்டவெளியில் பேசிக்கும் கைக்கருவிக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

காட்டோரத்தில் வேறுபாடு உண்டு. சிங்கராஜத்தின் விதானத்தின் கீழ், ஈர இலைகள் சமிக்ஞையை நலிவடையச் செய்யும். பாறையிலும் சரிவிலும் பட்டுத் தெறித்து வரும் அலை, நிற்கும் புள்ளியைப் பத்து, முப்பது மீட்டர் தள்ளிக் காட்டும். இது இரு கருவிகளுக்கும் பொது. கைக்கருவி வெல்வது மழையில். அதற்கு விசைகள் உண்டு. பேசியின் தொடுதிரை நனைந்தால் விரலையும் துளியையும் பிரித்தறியாது. அட்டை ஏறிய காலோடு நனைந்த திரையைத் துடைத்துக்கொண்டு நிற்பது இனிய அனுபவம் அன்று. ஈட்ரெக்ஸுக்கு மாற்று பற்றரிகளைக் கலவானக் கடைத்தெருவில் வாங்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்க. வனத்துக்குள் பெட்டியை ஒளித்துவைக்க எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை: சிங்கராஜம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காப்புக்காடு. நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதியின்றிப் பெட்டி வைக்க விளையாட்டின் விதியே இடந்தராது.

பரவலான ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிடலாம். கோபுரச் சமிக்ஞை இல்லாத மலைமடிப்பில் பேசியின் ஜி.பி.எஸ். இயங்காது எனப் பலர் நம்புகின்றனர். இயங்கும். அது செய்மதியைக் கேட்கிறது. கோபுரம் முதல் கணிப்பை விரைவாக்க மட்டுமே உதவுகிறது. வராமற்போவது படம்தான். அதை முன்னரே தரவிறக்கி வைத்துக்கொண்டால் போதும். பழைய ஓரங்குல வரைபடத்திலிருந்து எண்ணை எடுத்துப் பேசியில் இடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்படம் கந்தவளை ஆதாரத்தில் அமைந்தது, ஜி.பி.எஸ். வேறு ஆதாரத்தில் இயங்குகிறது. இரண்டுக்கும் இடையே இருநூறு மீட்டருக்கு மேல் விலகல் உண்டு.

இந்த நுணுக்கங்கள் விளையாட்டுக்கு வெளியேயும் பயன்படுமா என்று கேட்போர் 2017 மே மாதக் கடைசி வாரத்தை நினைத்துப் பார்க்கலாம். 25, 26ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் தென்மேற்கு மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றன. மிகக் கடுமையாக அடிபட்ட பிரதேசங்களில் கலவானவும் ஒன்று. வீதிகள் அறுந்தன, உலங்குவானூர்தியும் படகுமே வழி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரைச் சொல்லும். அது லயத்தின் பெயரைச் சொல்லாது. மேலேயிருந்து பார்க்கும் விமானிக்கு மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் ஒரே பச்சை. அப்போது லயத்து இளைஞன் கையிலிருக்கும் பேசி சொல்லும் இரண்டு எண்கள்தாம் அந்தக் குடும்பத்தின் முகவரி. 2015இல் கூகுள் வரைபடத்தில் சேர்ந்த பிளஸ் குறியீடுகள் அந்த எண்களைச் சுருக்கிச் சொல்ல உதவுகின்றன. முகவரியற்றோரை மனத்திற்கொண்டே அவை வடிவமைக்கப்பட்டன.

ஆனால் எண்ணைச் சொல்லும் முறையில் பிசகக் கூடாது. ஜியோகேச்சிங் ஆடுவோர் பாகையும் கலையுமாக எழுதுவர்; பேசியின் வரைபடம் பெரும்பாலும் பாகையைத் தசமத்தில் காட்டும். கலவான ஏறத்தாழ 6 பாகை 32 கலை வடக்கு, 80 பாகை 24 கலை கிழக்கு. தசமத்தில் இது 6.533, 80.400. பாகைக்கும் கலைக்கும் இடையே அவசரத்தில் புள்ளி வைத்து 6.32, 80.24 என்று அனுப்பிவிட்டால், தேடி வருபவர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தென்மேற்கே, காலி மாவட்டத்தில் போய் நிற்பார்.