பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தேனி வரை: பாளையக்காரர் போரும் 1959இன் இரு திரைப்படங்களும்

1959 மே 16ஆம் தேதி பி.ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெளியானது. மூன்று நாள் கழித்து, கண்ணதாசன் தயாரித்து கே. சங்கர் இயக்கிய ‘சிவகங்கைச் சீமை’ வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துத் தென்சீமை நடத்திய போரின் இரு கட்டங்களை இவை எடுத்துக்கொண்டன. ஒன்று, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலேறுவதோடு முடிகிறது. மற்றது 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் சிவகங்கையின் மருது சகோதரர்கள் ஏறிய தூக்குமேடையை நோக்கிச் செல்கிறது. முதல் படம் ஊரெல்லாம் ஓடியது. இரண்டாவது வசூலில் படுத்தது. ஆனால் 1962 பொதுத்தேர்தலில், படுத்த படத்தின் நாயகன் எஸ்.எஸ். ராஜேந்திரன் தேனித் தொகுதியில் தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றார். இந்தியாவில் திரைப்பட நடிகர் ஒருவர் தேர்தலில் நின்று சட்டமன்றம் சென்றது அதுவே முதல்முறை என்பர்.

வரலாற்றுப் படம் ஒரு போரையும் அதன் தலைவர்களையும் எவ்வாறு உயிர்ப்பிக்கிறது என்ற கேள்விக்கு, சென்னை ஸ்டூடியோக்களைவிடத் தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் நின்று பார்த்தால் தெளிவான விடை கிடைக்கிறது. தமிழ் சினிமா போரைக் காட்டவில்லை, பேசவைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். பேச்சு கிடைத்த தலைவர்கள் உயிர்பெற்றார்கள். பேச்சு கிடைக்காதவர்கள், இதே மண்ணைச் சேர்ந்தவர்களாயினும், திரைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு அந்தப் போருக்கு அந்நியமான நிலம் அன்று. போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், தேவாரம், கண்டமனூர் முதலியவை திண்டுக்கல் சீமையின் பாளையங்கள். 1792இல் திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அச்சீமை கம்பெனியின் கைக்குப் போனது. அடுத்த எட்டாண்டுகளில் விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமையில் ஒரு கூட்டணி திரண்டது. அதில் மணப்பாறை லட்சுமி நாயக்கரோடு தேவதானப்பட்டி பூசை நாயக்கரும் இருந்தார். தேவதானப்பட்டி இன்றைய தேனி மாவட்டத்து ஊர். மருது பாண்டியர், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை ஆகியோரோடு இக்கூட்டணி கைகோத்ததால்தான், 1800-01 கிளர்ச்சியைத் தனித்தனிப் பாளையங்களின் சண்டையாகக் கொள்ளாமல் தென்னிந்தியா தழுவிய ஒரே எழுச்சியாக வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971இல் வெளியான தம் ஆய்வில் மதிப்பிட்டார். பூசை நாயக்கரைப் பற்றிப் பாடநூலில் ஒரு வரி உண்டு. சினிமாவில் அந்த ஒரு வரியும் இல்லை.

இதற்குக் காரணம் தேட வேண்டிய இடம் ஆவணங்கள். கட்டபொம்மனின் கடைசி நாளுக்குச் சிறந்த சாட்சி அவருடைய எதிரிதான். தூக்குத் தண்டனையை நிறைவேற்றிய மேஜர் பானர்மேன், மறுநாளே எழுதிய கடிதத்தில், கூடியிருந்த பாளையக்காரர்கள் முன்னே அவர் அஞ்சாமல் நின்றதையும், கம்பெனிப் பக்கம் நின்ற எட்டயபுரத்தாரை ஏளனத்தோடு பார்த்ததையும், உறுதியாக நடந்துபோனதையும் பதிவு செய்தார். இரக்கம் காட்டுவதற்காக எழுதிய கடிதம் அன்று அது; நடந்ததை மேலிடத்துக்குத் தெரிவிக்கும் அலுவலகத் தாள். என்றாலும் அதற்குள் ஒரு முழு உச்சக்காட்சி இருக்கிறது. பார்வை, நடை, கூட்டம், துரோகி என்று ஒரு நாடகாசிரியன் கேட்பதெல்லாம் அதில் கிடைத்துவிட்டன. வாய்ச்சொல் ஒன்றுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்த்தது மேடை. ஊர்ப்புறக் கதைப்பாடலும் கூத்தும் கட்டபொம்முவை ஒன்றரை நூற்றாண்டு காலம் பாடிவந்திருந்தன, பின்னாளில் நா. வானமாமலை அக்கதைப்பாடலைப் பதிப்பித்தார். ம.பொ. சிவஞானம் கட்டபொம்மனைத் தேசிய வீரராக நிறுத்தி நூல் எழுதினார். சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் எழுத்தில் சிவாஜி நாடக மன்றம் 1957இல் அவர் கதையை நாடகமாக்கியது. படம் இந்த நாடகத்திலிருந்து பிறந்தது. ஆகவே அதன் உயிர்நாடி, கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கும் காட்சியில் இருந்தது; போர்க்களம் அடுத்த இடத்துக்குத்தான் வந்தது.

வரலாற்றில் அந்தச் சந்திப்பு எப்படி நடந்தது? கலெக்டர் ஜாக்சன் தம்மை வந்து காணுமாறு கட்டபொம்மனைக் குற்றாலம் தொடங்கிப் பல ஊர்களுக்கு அலைக்கழித்தார். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி கிடைத்தது. அங்கும் நிற்கவைத்தே விசாரித்தார். வெளியேறும்போது ஏற்பட்ட கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார்; தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு நடந்த விசாரணையில் ஜாக்சன்மீதே தவறு காணப்பட்டு அவர் பதவி இழக்க, அவ்விடத்துக்கு லஷிங்டன் வந்தார். இது அவமானமும் அலைச்சலும் நிர்வாக அடாவடியும் கலந்த கதை. இதில் வீரமுழக்கத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக மாறுவேடப் போட்டியில் ஒப்பிக்கும், படத்தில் கட்டபொம்மன் ஜாக்சனிடம் முழங்கும் அந்த வரிகொடா வாதம் எந்தக் கம்பெனி ஆவணத்திலும் கிடையாது.

வரலாற்றாசிரியர் இதைப் பிழை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஆவணம் அந்த மனிதனை நிற்கவைத்தது. படம் அவனுக்குப் பதில் சொல்லும் உரிமையைத் திருப்பித் தந்தது. 1959இன் பார்வையாளருக்குக் கலெக்டர் கச்சேரி வாசலில் கால்கடுக்க நின்ற நினைவு மிகப் பழையதன்று. சி.ஆர். பார்த்திபனின் ஜாக்சன் வாயடைத்துப்போகும் கணத்தில் கொட்டகை கைதட்டியதற்கு, சிவாஜி கணேசனின் குரல்வளம் பாதிக் காரணம், இந்த நினைவு மீதிக் காரணம். 1960இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். அப்போதுதான் ஏகாதிபத்தியத்தை உதறிக்கொண்டிருந்த நாடுகளின் விழா அது.

பேச்சுக்குக் கொடுத்த கவனத்தைப் படம் போருக்குக் கொடுக்கவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்கோட்டை. கட்டபொம்மன் மறைந்தபின், ஊமைத்துரையின் தலைமையில் மீண்டும் எழுந்த அதன்மீது 1801 மார்ச் 31இல் நடத்திய தாக்குதலில் கம்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24இல்தான் கோட்டை விழுந்தது. பீரங்கிக் குண்டை உள்வாங்கிக்கொள்ளும் மண்சுவரும் முள்வேலியும் வேல்கம்பும் சேர்ந்து ஒரு பேரரசின் படையை மலைக்கவைத்த கதை, எந்தப் போர்ப்படத்துக்கும் கிடைக்காத கச்சாப்பொருள். படமோ போர்க்காட்சிகளுக்கு ஜெய்ப்பூர்வரை போனது. டெக்னிகலர் வண்ணத்துக்கு ராஜஸ்தானத்துப் பிரம்மாண்டம் பொருந்தியது. கரிசல் மண்ணின் போர்முறை காணாமல் போனது.

‘சிவகங்கைச் சீமை’க்கு வருவோம். கண்ணதாசனே கதையும் வசனமும் பாட்டும் எழுதினார். அப்போது அவரும் எஸ்.எஸ்.ஆரும் தி.மு.க.வினர். கட்டபொம்மனைத் தமிழரசுக் கழகத்து ம.பொ.சி. தூக்கிப்பிடித்திருந்த நிலையில், மருதுவைத் திராவிட இயக்கத்தார் எடுத்தது தற்செயலாகாது. கட்டபொம்மன் படத்தின் வெள்ளையத்தேவன் வேடத்துக்கு எஸ்.எஸ்.ஆரைக் கேட்டபோது இந்தப் படத்துக்காகவே அவர் மறுத்தார் என்பதும், அவ்வேடம் ஜெமினி கணேசனுக்குப் போனதும் தெரிந்த செய்திகள். எஸ்.எஸ்.ஆர். மருதுவாக நடிக்கவில்லை, முத்தழகு என்ற இளம் வீரனாக நடித்தார். படத்தின் பலவீனமாக எனக்குப் படுவது இதுதான். தலைவர்கள் ஒருபுறம் இருக்க, நாயகன் வேறொருவனாக நின்றான்.

சின்ன மருதுவுக்கு ஆவணச் செல்வம் குறைவா என்றால் இல்லை. அவரோடு பழகி, பிறகு அவருக்கு எதிராகப் போரிட்ட கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் அச்சான தம் ராணுவ நினைவுகளில், சின்ன மருதுவின் அரண்மனையில் காவலரே இல்லை என்றும், யாரும் வந்துபோகலாம் என்றும், வேலெறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான் என்றும் எழுதினார். கற்றுக்கொடுத்த கையைத் தூக்குக்கு அனுப்பும் படையில் மாணவனே நிற்கிறான்! 1801 ஜூன் 16இல் மருது வெளியிட்டு, திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய அறிக்கை வேறு இருக்கிறது. சாதி பாராமல் எல்லாரையும் திரளச் சொன்ன அறிக்கை. கயத்தாற்றுக் காட்சியைவிட வலுவான நாடகம் இது. ஆனால் அது இருவர் நட்பில் மெல்ல மெல்ல விளையும் நாடகம். மேடை முழக்கத்துக்குப் பழகியிருந்த சினிமாவிடம் அதற்கான கருவி இல்லை.

இனி தேனி. கொட்டகைக்கு வந்தவர்களைவிட வராதவர்களுக்கே கட்டபொம்மன் படத்தின் வசனம் அதிகம் எட்டியது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் குழாய் கட்டி ஒலிச்சித்திரம் போடும் வழக்கம் கட்டபொம்மனை ஊரூராகக் கொண்டுபோனது. படம் காதால் பார்க்கப்பட்டது. அதே காதுகள்தான் தேர்தல் மேடையில் ‘இலட்சிய நடிகர்’ எஸ்.எஸ்.ஆர். பேசியதைக் கேட்டன. 1957இல் தேனியிலிருந்து சட்டமன்றம் சென்றவர் என்.ஆர். தியாகராஜன், சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட காங்கிரஸ்காரர். 1962இல் அந்த இடம், வெள்ளையனை எதிர்த்துத் திரையில் வாள்பிடித்தவருக்குப் போனது. சினிமா மட்டும் இதைச் சாதித்தது என்று சொன்னால் அது தி.மு.க.வின் அமைப்பு உழைப்பையும் காங்கிரஸ்மீதிருந்த சலிப்பையும் மறைப்பதாகும். ஆனால் போராட்டத்தின் நினைவு, அதை நடத்தியவரிடமிருந்து அதைப் பேசியவரிடம் கைமாறியதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது. எஸ்.எஸ்.ஆர். 1980இல் ஆண்டிபட்டியிலும் வென்றார். 1984இல் அதே ஆண்டிபட்டி, நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரைத் தேர்ந்தெடுத்தது. அந்த முறை வேட்பாளர் தொகுதிக்கு வந்து பேசவேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

பள்ளத்தாக்கின் நினைவு ஒற்றைத் திசையில் ஓடுவதில்லை என்பதையும் இங்கே குறிக்கவேண்டும். ஜாக்சனைப் பார்த்துச் சிரித்த அதே கம்பம், கூடலூர் விவசாயி வீடுகளில் இன்னொரு வெள்ளைக்காரரின் படம் தொங்குகிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்துத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக் அவர். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பொங்கலன்று பானை வைக்கிறார்கள். வெள்ளையனைப் பகைவனாக மட்டுமே வரைந்த திரைக்கதை, இந்த ஊர்க்காரரின் மனத்தில் பாதிதான் பொருந்தும்.

1961இல் பந்துலுவின் ‘கப்பலோட்டிய தமிழன்’ நட்டத்தில் முடிந்தபின் இவ்வகைப் படங்கள் அருகின. அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977இல் கேமராவை ஸ்டூடியோவிலிருந்து வயல்வெளிக்குக் கொண்டுவந்தபோது, கரிசலையும் மண்சுவரையும் காட்டும் திறன் தமிழ் சினிமாவுக்கு வந்துவிட்டது. அதாவது, 1959இல் இல்லாத கருவி கைக்கு வந்தது. ஆனால் அதைப் பாளையக்காரர் போரின் பக்கம் யாரும் திருப்பவில்லை. கமல்ஹாசன் 1997 அக்டோபர் 16 அன்று, கட்டபொம்மன் தூக்கிலேறிய அதே தேதியில், எலிசபெத் அரசி முன்னிலையில் தொடங்கிய ‘மருதநாயகம்’ இன்றுவரை முடியவில்லை. கம்பெனிக்காகப் பாளையக்காரர்களை அடக்கி, பிறகு கம்பெனியை எதிர்த்து 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான்தான் அந்த மருதநாயகம். அவர் உடலைக் கூறுபோட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள். கால் ஒன்று பெரியகுளத்தில் அடங்கியிருப்பதாக மக்கள் சொல்கிறார்கள். ஒரே ஆளில் துரோகியும் வீரனும் இருப்பதால், கட்டபொம்மன் பாணி வசனம் இவருக்கு எழுதுவது கடினம்.

இன்னொரு விடுபடல் எஸ்.எஸ்.ஆரின் சொந்த ஊர்ப்பக்கம் இருக்கிறது. அவர் 1928இல் பிறந்த சேடபட்டி வட்டாரத்தில்தான் பெருங்காமநல்லூர் உள்ளது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டத்தின் பிடி கம்பம் பள்ளத்தாக்கிலும் 1947வரை இருந்தது. அங்கே எதிர்த்தவர்களுக்குக் கோட்டை இல்லை, கொடி இல்லை, பானர்மேன் கடிதம்போல் நடையையும் பார்வையையும் வருணிக்கும் தாளும் இல்லை. அரசாணைகளும் போலீஸ் தரப்பு அறிக்கையும், ஊரார் சொல்லும் பெயர்களும்தாம் இருக்கின்றன. தலைவன் ஒருவனை முன்னிறுத்தி அவன் வாயில் நீண்ட வசனம் வைக்கும் வடிவம் இந்த நிகழ்வுக்குப் பொருந்தாது. ஏனெனில் அங்கே நடந்தது ஒரு கூட்டத்தின் மறுப்பு. பெருவிரலை நீட்டமாட்டோம் என்றதைத் தவிர அவர்கள் அதிகாரியிடம் பேச வேறு எதுவும் இருக்கவில்லை. இதைப் படமாக்க நினைப்பவர் தொடங்கவேண்டிய இடம் மதுரை மாவட்ட ஆவணக் கோப்புகளும், பள்ளத்தாக்கில் கைரேகைக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களும்.