பந்துக்கு அஞ்சிய அரசு

கம்பளி நூலால் பின்னிய ஆறு பந்துகள்; ஆறு வண்ணங்கள். அடுத்து, மரத்தால் ஓர் உருண்டை, ஓர் உருளை, ஒரு கனசதுரம். அதற்கடுத்து, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரித்து அடுக்கக்கூடிய மற்றொரு கனசதுரம். கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று தம் பள்ளிக்கு 1840இல் பெயர் சூட்டிய செர்மானியர் பிரடரிக் புரோபெல், மழலையர் ஆசிரியையின் கையில் தந்த கருவிகள் இவை. பீரங்கியல்ல, வெடிமருந்தல்ல! எனினும் 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு அப்பள்ளிகளைத் தடை செய்தது.

குற்றச்சாட்டு? பிஞ்சு உள்ளங்களில் நாத்திகமும் சமதர்மமும் விதைக்கிறாராம்! புரோபெலோ பாதிரியாரின் மகன். தம் கல்விக் கொள்கையையே கடவுள்மீது கட்டியவர். பக்தரையே நாத்திகராக்கிய விந்தையைப் பாரீர்! உடன்பிறந்தாரின் மகன் கார்ல் புரோபெலின் வெளியீட்டை இவருடையதெனக் குழப்பிக்கொண்டனர் என்பர். பிழையை எடுத்துக்காட்டிய பின்னும் அமைச்சர் ரவுமர் தடையை நீக்கவில்லையே! பெயர்க் குழப்பம் மட்டுமே காரணமென நான் நம்பேன். 1848இல், புரட்சி வெடித்த ஆண்டில், புரோபெலின் அழைப்பை ஏற்று ருடோல்ஸ்டாட் நகரில் கூடிய ஆசிரியர்கள், மழலையர் பள்ளியை நாட்டுக் கல்வியின் பகுதியாக்கக் கோரினர். மங்கையர்க்கோ அவர் ஆசிரியத் தொழிலைப் பயிற்றினார். அரண்மனைக்கு அச்சம் பிறக்க இவ்விரண்டும் போதாவா?

1852இல், தடை நீங்காமலே, புரோபெல் மறைந்தார். 1860இல் தடை அகன்றது. அதற்குள் அப்பந்துகள் கடல் கடந்துவிட்டன. பெர்த்தா ரோங்கே 1851இல் இலண்டனில் பள்ளி திறந்தார். அவருடைய தங்கை மார்கரேத்தே ஷுர்ஸ் 1856இல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில், தம் வீட்டிலேயே திறந்தார்.