மூக்கா, காதா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில், கச்சிராயபாளையம் தாண்டிய புதர்க்காட்டில் காலையில் கவுதாரி கத்தும். குரல் கேட்கும், பறவை தெரியாது. வேட்டைக்காரனின் சிக்கலே இதுதான்.

ஐரோப்பியர்கள் இதை மூக்கால் தீர்த்தார்கள். பாயின்ட்டர் நாய் பறவையைப் பிடிக்காது. வாடை பட்டதும் ஒரு முன்னங்காலைத் தூக்கிச் சிலையாக நின்றுவிடும். மூக்கு நீளும் திசையில் பறவை. செட்டர் தரையோடு பம்மும். துப்பாக்கிக்கு முந்திய காலத்தில் நாயையும் சேர்த்தே மூடுகிற மாதிரி வலையை இழுத்துப் போடுவார்களாம். பாவம் அது!

வெள்ளைக்காரத் துரைகள் இவற்றைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். ஆனால் காய்ந்த மண்ணில் வெயில் ஏறினால் வாடை நிற்காது. நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து முயலைத் துரத்துகிறவை.

கவுதாரிக்கு இங்கே காதுதான். பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்கள். 'என் இடத்துல எவன்டா?' என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு வரும். சுற்றிலும் கண்ணி.

1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1976இல் கல்வராயன் மலை ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. உரிமம் வாங்கிச் சுடுவதும் 1991 திருத்தத்தோடு முடிந்தது. பறவைக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் துரையின் நாய் இன்று ஃபிளாட்டில் செல்லப்பிராணி. பால்கனிப் புறாவைப் பார்த்துக் காலைத் தூக்கி நிற்கிறது. கூண்டுக் கவுதாரி வைத்திருந்தவர்மேல் வழக்கு.