மாதப் பெயர்களும் யாழ். முஸ்லிம்களின் ஒக்டோபரும்

ஹிஜ்ரி மாதப் பெயர்கள் பெரும்பாலும் இஸ்லாத்துக்கு முன்பே அரபிகளிடம் வழங்கியவை. ரமழான் கடும் வெப்பத்தையும் ஜுமாதா உறைதலையும் ரபீஉ வசந்தத்தையும் குறிக்கும். ஸபர் என்றால் வெறுமை. ஆண்கள் பயணம் போனதும் வீடுகள் வெறுமையானதால் வந்த பெயர் என்று அறிஞர்கள் பலர் விளக்குவர். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட சுமார் 11 நாட்கள் குறைவு. ஆகவே இப்பெயர்கள் இன்று பருவத்தோடு பொருந்துவதில்லை. ஒக்டோபரும் அப்படித்தான்: இலத்தீனில் 'எட்டு' எனும் சொல்லிலிருந்து வந்த பெயர், இன்று பத்தாம் மாதத்துக்கு.

1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். சோனகத்தெரு வீடுகள் வெறுமையாகின. ஆனால் அது ஸபர் அல்ல. ஹிஜ்ரி 1411 ரபீஉனில் ஆகிர், பெயரளவில் வசந்தம். முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் பெயரில் நம்மவர் மவ்லித் ஓதிவந்த மாதம்.

அந்நாளை நாம் ஒக்டோபரில் மட்டுமே நினைவுகூருகிறோம். புத்தளத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அதன் பிறை மாதத்தையும் சொல்லிக்கொடுப்போம். ரபீஉனில் ஆகிர் பிறை தென்படும்போதும் அவர்கள் ஊரை நினைத்து துஆச் செய்யட்டும்.