குளிர்கால வீட்டு ஈரப்பதமூட்டல்

குளிர்கால வீட்டு ஈரப்பதமூட்டல் என்பது குளிர்காலத்தில் சூடேற்றப்படும் வீடுகளின் உலர்ந்த காற்றில் நீராவியைச் சேர்த்தல் ஆகும். இதற்குப் பயன்படும் கருவி ஈரப்பதமூட்டி எனப்படும். கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள், கொரியா முதலிய கடுங்குளிர் நிலவும் இடங்களில் இது பரவலாக வழக்கில் உள்ளது. ஈரப்பதம் அளவோடு இருக்கும்போதே இதனால் நன்மை விளையும்.

காற்று உலர்வதன் காரணம்

20 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 17 கிராம் வரை நீராவி இருக்கக்கூடும். −10 பாகையில் இந்த உச்ச அளவு ஏறத்தாழ 2.4 கிராம் மட்டுமே. உச்ச அளவில் எத்தனை விழுக்காடு நீராவி காற்றில் உள்ளது என்பதே ஒப்பு ஈரப்பதம் ஆகும். வெளியே −10 பாகையில் 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் கொண்ட காற்று, வீட்டினுள் புகுந்து 20 பாகைக்குச் சூடேறும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் 11 விழுக்காடு அளவிற்குக் குறைகிறது. காற்றிலுள்ள நீர் குறைவதில்லை. உச்ச அளவு உயர்வதே இதற்குக் காரணம். சமையல், குளியல், மூச்சு ஆகியவை இதனை ஓரளவு ஈடுசெய்கின்றன.

நன்மைகள்

- தோல் வறட்சி, உதடு வெடிப்பு, கண் உறுத்தல் ஆகியவை குறைகின்றன.
- மூக்கின் உட்படலம் உலர்வதால் ஏற்படும் குருதிக் கசிவு குறைகிறது.
- மரத்தளம், கதவு, வயலின், வீணை முதலியவை சுருங்கி வெடிப்பது குறைகிறது.
- நிலைமின் அதிர்ச்சிகள் குறைகின்றன.
- தோலிலிருந்து நீர் ஆவியாதல் குறைவதால் அறை சற்று வெதுவெதுப்பாக உணரப்படுகிறது. எனினும் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.68 கிலோவாட் மணி ஆற்றல் தேவை என்பதால், எரிபொருள் மிச்சமாகும் என உறுதியாகக் கூற இயலாது.

2007 இல் வெளியான ஓர் ஆய்வில், 20 பாகை வெப்பநிலையில் இன்ஃபுளுவென்சா தீநுண்மம் கினிப் பன்றிகளிடையே 20, 35 விழுக்காடு ஒப்பு ஈரப்பதங்களில் எளிதாகப் பரவியது. 80 விழுக்காட்டில் பரவவில்லை. இடைப்பட்ட அளவுகளில் முடிவுகள் சீராக அமையவில்லை. ஆகவே ஈரப்பதமூட்டியைத் தடுப்பூசிக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

வகைகள்

- ஆவியாக்கும் வகை: நனைந்த திரியின் ஊடாக விசிறி காற்றைச் செலுத்துகிறது.
- நீராவி வகை: நீரைக் கொதிக்க வைக்கிறது. குழந்தைகளுக்குச் சூட்டுக்காயம் நேரும் வாய்ப்புண்டு.
- மீயொலி வகை: அதிர்வினால் நீரை நுண்துளிகளாக்குகிறது. குழாய்நீரைப் பயன்படுத்தினால் அதிலுள்ள தாதுக்கள் வெண்தூசியாகப் படியும். காய்ச்சி வடித்த நீர் ஏற்றது.

உகந்த அளவும் எச்சரிக்கைகளும்

ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வீட்டினுள் 30 முதல் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தைப் பரிந்துரைக்கிறது. இதனை ஈரப்பதமானி கொண்டு அறியலாம். அளவு மிகுந்தால் பூஞ்சணமும் தூசு உண்ணிகளும் பெருகி, ஈளை நோயாளருக்குத் துன்பம் தரும். சன்னல் கண்ணாடியில் நீர் வடிந்தால் ஈரப்பதத்தைக் குறைக்க வேண்டும்.

தேங்கிய நீரில் நுண்ணுயிர்கள் வளர்வதால் நாள்தோறும் நீரை மாற்றித் தொட்டியைத் தூய்மை செய்தல் இன்றியமையாதது. எனினும் இயங்கும் கருவியின் நீரில் கிருமிநாசினி கலத்தல் பெருந்தீங்காகும். தென் கொரியாவில் அவ்வாறு கலக்கப்பட்ட வேதிப்பொருட்களை மூச்சுடன் உள்ளிழுத்த குழந்தைகள், கருவுற்ற பெண்கள் உட்படப் பலர் கடும் நுரையீரல் நோயால் இறந்தனர். இதன் காரணம் 2011 இல் கண்டறியப்பட்டது.

இவற்றையும் பார்க்க

- ஈரப்பதம்
- ஈரப்பதமானி
- நிலைமின்னியல்